வீராணத்தில் 47.5 அடி என்றால் என்ன?

சென்னையில் இருக்கும் என் மச்சான் ஒருநாள் காலையில் போன் செய்தான். "மாப்ள, வீராணம் 47 அடியைத் தொட்டுடுச்சுன்னு பேப்பர்ல போட்டிருக்கு. நாலு மாடி உசரத்துக்கா அங்க தண்ணி நிக்குது?" என்று கேட்டான்.

நான் வீராணம் ஏரி இருக்கும் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக்காரன். சின்ன வயதில் கோடை நாட்களில் வெடித்துக் கிடக்கும் ஏரித் தரையில் இறங்கி நடந்திருக்கிறேன். நாலு மாடி ஆழம் வீராணத்தில் எந்த மூலையிலும் கிடையாது. ஆனால் மச்சான் கேட்டதில் தப்பில்லை. மேட்டூரில் 120 அடி, செம்பரம்பாக்கத்தில் 24 அடி, வீராணத்தில் 47.5 அடி என்று ஒரே பத்தியில் போட்டால் படிப்பவர்கள் எல்லாவற்றையும் ஆழம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். மேட்டூரில் சொல்லும் 120 அடி உண்மையிலேயே ஆழக் கணக்கு. செம்பரம்பாக்கத்தின் 24 அடியும் அப்படித்தான். வீராணத்தின் 47.5 அடி மட்டும் வேறு. அது கடல் மட்டத்திலிருந்து ஏரியின் மேற்பரப்பு எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதன் அளவு. இதே முறையில் மேட்டூரைச் சொல்வதானால், அணை நிரம்பியிருக்கும்போது 790 அடி என்று சொல்ல வேண்டும்.

அப்படியானால் வீராணத்தின் ஆழம் எவ்வளவு? ஒரு எளிய வகுத்தலில் பிடித்துவிடலாம். ஏரியின் முழுக் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர், கிட்டத்தட்ட இரண்டு பிளாஸ்டிக் குடம். ஆயிரம் மில்லியன் கன அடி சேர்ந்தால் ஒரு டி.எம்.சி., அதாவது நூறு கோடி கன அடி. ஆக வீராணம் ஒன்றரை டி.எம்.சி.க்குக் கொஞ்சம் குறைவு. மேட்டூர் 93.47 டி.எம்.சி.; வீராணத்தைப் போல அறுபதுக்கும் மேற்பட்ட ஏரிகள் அதற்குள் அடங்கும். இனி பரப்பு. ஏரியின் நீளம் சுமார் 14 கிலோமீட்டர், அகலம் சில கிலோமீட்டர். நிறைந்து நிற்கும்போது 25 சதுர கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு வகுத்துப் பாருங்கள். ஐந்தரை அடிக்குள்தான் வரும். அதுதான் சராசரி ஆழம், ஓர் ஆள் உயரம்! 47.5 என்ற எண்ணிலிருந்து ஏழெட்டு அடி இறங்கினாலே ஏரியின் தரை தெரிய ஆரம்பித்துவிடும்.

பிறகு எதற்கு ஆழத்தைச் சொல்லாமல் கடல் மட்டத்தைச் சொல்கிறார்கள்? வீராணத்தின் முழுச் சூட்சுமமும் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. தண்ணீர் எங்கே போகும் என்பதை ஆழம் முடிவு செய்வதில்லை, மட்டம்தான் முடிவு செய்கிறது. மேற்கே அணைக்கரையில் கொள்ளிடத்துத் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது, ஏரி எந்த மட்டத்தில் நிற்கிறது, கிழக்கே வயல் எந்த மட்டத்தில் இருக்கிறது, கடைசியில் கடல். இந்த நான்கும் படிக்கட்டு மாதிரி ஒன்றுக்கொன்று தாழ்ந்து வந்தால்தான் மோட்டாரோ கரண்ட்டோ இல்லாமல் தண்ணீர் நடந்து வரும். படிகளை ஒப்பிட வேண்டுமென்றால் எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து அளக்க வேண்டும். அந்த ஒரே இடம் கடல். மதகுச் சுவரில் அடி அடியாகக் கோடு போட்டு எழுதியிருக்கும் அளவு, ஏரி அந்தப் படிக்கட்டில் இன்றைக்கு எந்தப் படியில் நிற்கிறது என்பதைத்தான் சொல்கிறது.

கடல் மட்டம், சர்வே கருவி என்ற பேச்செல்லாம் வருவதற்கு முன்பே, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால், இந்தப் படிக்கட்டைச் சரியாகக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது. ஏரி முதலாம் பராந்தக சோழன் காலத்தது. அவர் ஆண்டது 907 முதல் 955 வரை. வீரநாராயணன் என்பது அவருடைய பட்டப் பெயர். அந்தப் பெயரில் ஏற்பட்ட ஊர் வீரநாராயண சதுர்வேதிமங்கலம், இன்றைய காட்டுமன்னார்கோயில். திவ்யப் பிரபந்தத்தைத் தொகுத்துத் தந்த நாதமுனிகள் பிறந்த ஊர் அது. பெருமாளின் பெயரும் வீரநாராயணப் பெருமாள்தான். வீரநாராயணன் ஏரி வாய்மொழியில் தேய்ந்து வீராணம் ஆனது. பராந்தகரின் மகன் இராஜாதித்தன் தன் படைவீரர்களை வைத்து இந்த ஏரியை அமைத்தான் என்று எங்கள் பக்கம் வழிவழியாகச் சொல்வார்கள். அந்த இளவரசன் 949-இல் தக்கோலப் போரில் யானை மேல் இருந்தபடியே உயிரிழந்தான்.

"ஏரி வெட்டினான்" என்று பேச்சில் சொல்கிறோம். உண்மையில் குளத்தைத்தான் வெட்டுவார்கள், ஏரியைக் கட்டுவார்கள். குளம் வேண்டுமென்றால் பள்ளம் தோண்டி, மண்ணை அப்புறப்படுத்த வேண்டும். இவ்வளவு பெரிய பரப்பில் அது மனித சக்தியால் ஆகிற காரியமில்லை. ஏரிக்கு அந்தச் சிரமம் வேண்டாம். நிலம் தானாகவே சரிந்து போகும் இடத்தைத் தேடி, சரிவின் கீழ்ப்பக்கம் குறுக்கே கரை போட்டால் போதும். மேல்பக்கத்தை நிலத்தின் மேடே பார்த்துக்கொள்ளும். அரியலூர், ஜெயங்கொண்டம் பக்கம் மேட்டுநிலம். அங்கிருந்து கிழக்கே கடலை நோக்கி நிலம் மெல்ல இறங்குகிறது. அந்த இறக்கத்துக்குக் குறுக்காக, வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிறது வீராணத்தின் பெரிய கரை. கரை நீளமாகவும் ஏரி ஆழமில்லாமலும் இருப்பதற்குக் காரணம் இதுதான். நம்முடைய சமவெளியில் மேட்டூர் மாதிரி இரண்டு மலைக்கு நடுவே சுவர் எழுப்ப மலை ஏது?

சேத்தியாத்தோப்பிலிருந்து லால்பேட்டை போகும் பழைய ரோடு இந்தக் கரையை ஒட்டியே ஓடும். ஆடி மாதத்தில் ஏரி நிறைந்திருக்கும்போது ஒருமுறை அங்கே வண்டியை நிறுத்திப் பாருங்கள். மேல்காற்று ஏரியின் முழு அகலத்தையும் கடந்து வந்து கிழக்குக் கரையில் அடிக்கும். கடலில் போல அலை வரும். சளக் சளக்கென்று கற்களுக்குள் புகுந்து திரும்பும் சத்தம் ரோட்டுக்கே கேட்கும். கரையின் உட்பக்கம் சரித்துப் பதித்திருக்கும் கற்களை அலைகல் என்பார்கள். பார்ப்பதற்குச் சாதாரணம். ஆனால் அதை எடுத்துவிட்டால் ஒரே காற்றுக் காலத்தில் அலை கரையை அரித்துத் தின்றுவிடும்.

மண் கரைக்கு இரண்டு எதிரிகள். ஒன்று, மேலே வழிவது. சிமெண்டு அணையின் தலைமேல் தண்ணீர் வழிந்தாலும் அது தாங்கும். மண் கரையின் மேல் ஒரு சாண் அகலத்தில் வழிய ஆரம்பித்தால்கூட, ஓடுகிற தண்ணீர் மண்ணைக் கூடவே இழுத்துக்கொண்டு போகும், வாய் பெரிதாகும், சற்று நேரத்தில் கரை உடையும். இரண்டாவது, உள்ளே கசிவது. எந்த மண் கரையும் கொஞ்சம் கசியும், அதில் பயமில்லை. வெளிப்பக்கம் ஈரம் தெரிந்து, வருகிற தண்ணீர் தெளிவாக இருந்தால் சரி. கலங்கலாக வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று பொருள். நண்டு வளை, எலி வளை, பட்டுப்போன மரத்தின் வேர்விட்ட ஓட்டை, எதிலிருந்து வேண்டுமானாலும் அது தொடங்கலாம். கரையைக் காவல் காப்பது என்றால் அந்தக் காலத்தில் முக்கியமாக இதைக் கவனிப்பதுதான். இதே பராந்தகர் காலத்தில், 919-இலும் 921-இலும் வெட்டப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் ஏரி வாரியம் என்ற குழு வருகிறது. குடவோலை முறையில் ஆட்களைத் தேர்ந்தெடுத்து ஏரியை ஒப்படைத்தார்கள். ஏரியைக் கட்டுவது ஒருமுறை வேலை, காப்பது ஒவ்வொரு வருடத்து வேலை என்பதைத் தெரிந்தவர்கள் செய்த ஏற்பாடு அது.

கரைக்கு அடுத்து மதகு. கரையைத் துளைத்துக்கொண்டு போகும் ஒரு வழி, அதைத் திறக்கவும் மூடவும் ஒரு கதவு, அவ்வளவுதான். வீராணத்தில் பாசனத்துக்கு 34 மதகுகள். பெரும்பாலானவை கிழக்குக் கரையில். ராதா மதகு என்று எங்கள் பக்கத்தில் கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். பழைய காலத்தில் இரும்பு ஷட்டர் கிடையாது. ஏரிக்குள் ஒரு கல்தொட்டி, அதன் மேல்மூடியில் ஒரு துளை, துளைக்குப் பொருத்தமான கட்டை. கட்டையைத் தூக்கினால் தண்ணீர் தொட்டிக்குள் இறங்கி, கரைக்கு அடியில் உள்ள கல் கால்வாய் வழியாக வெளியே போகும். இதற்குக் குமிழித் தூம்பு என்று பெயர். கட்டையைத் தூக்க ஆள் ஏரிக்குள் நீந்திப் போக வேண்டும். இன்றைக்குத் திருகைச் சுற்றினால் ஷட்டர் ஏறுகிறது, தத்துவம் மாறவில்லை.

மூன்றாவது உறுப்பு கலங்கல், மிச்சத் தண்ணீர் வெளியேறும் வாய். வீராணத்தின் மிச்ச நீர் லால்பேட்டைப் பக்கம் வெள்ளியங்கால் ஓடையிலும், சேத்தியாத்தோப்புப் பக்கம் வெள்ளாற்றிலும் போய் விழும். மண் கரையின் மேல் வழியக்கூடாது என்று சொன்னேன் அல்லவா, அது நடக்காமல் பார்த்துக்கொள்வது இந்த வாய்தான். இதன் மட்டத்தையொட்டித்தான் 47.5 என்ற எண்ணே நிற்கிறது.

சரி, இவ்வளவு பெரிய ஏரிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? அரியலூர் மேட்டிலிருந்து செங்கால் ஓடையும் கருவாட்டு ஓடையும் மழைநீரைக் கொண்டுவந்து கொட்டும். ஆனால் அவை மழைக்கால விருந்தாளிகள். ஏரி நம்பி நிற்பது காவிரியைத்தான். மேட்டூரில் திறந்த தண்ணீர் முக்கொம்பு தாண்டி, கொள்ளிடத்தில் இறங்கி, அணைக்கரையில் இருக்கும் கீழணைக்கு வரும். கீழணை 1836-இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கட்டியது. அங்கே கொள்ளிடத்தைத் தடுத்துத் தண்ணீரை உயர்த்தி நிறுத்துகிறார்கள். முழு மட்டம் 9 அடி; இது கடல் மட்டத்திலிருந்து அளந்ததல்ல, அணையில் நிற்கும் நீரின் உயரம். ஆனால் தண்ணீர் எங்கே போகும் என்பதை இங்கேயும் மட்டம்தான் முடிவு செய்கிறது. கீழணையில் நீர் உயர்ந்தால்தான் வடவாற்றின் தலைமதகுக்குள் நுழையும், வடவாற்றில் நுழைந்தால்தான் வீராணத்துக்கு வரும். கீழணை சேமிக்கும் இடம் என்பதைவிட, ஆற்றை ஒரு படி தூக்கிவிடும் இடம் என்று நினைத்துக்கொண்டால் எளிதாகப் புரியும்.

இந்த இடத்தில் இன்னொரு கணக்கு. இதைப் போட்டுப் பார்த்த அன்று என்னுடைய எண்ணமே மாறிப்போனது. வீராணத்தின் ஆயக்கட்டு, அதாவது இந்த ஏரியால் பாயும் நிலம், 44,856 ஏக்கர். நிறைந்த ஏரித் தண்ணீர் முழுவதையும் ஒரு சொட்டு வீணாகாமல் அந்த நிலம் முழுக்கப் பரப்பினால் எவ்வளவு உயரம் நிற்கும்? முக்கால் அடி, ஒன்பது அங்குலம். ஒரு போகம் நெல்லுக்கு நான்கு அடி உயரம் அளவுக்குத் தண்ணீர் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. மழை ஒரு பங்கைக் கொடுத்தாலும் ஒரு ஏரித் தண்ணீர் ஒருபோதும் போதாது. எனவே வீராணம் ஒருமுறை நிரப்பி, வருடம் முழுக்க எடுத்துச் செலவழிக்கிற பானை கிடையாது. சாகுபடிக் காலத்தில் வடவாறு வழியாக வந்துகொண்டே இருக்கும், மதகுகள் வழியாகப் போய்க்கொண்டே இருக்கும். நிறைந்த ஏரியைப் பார்த்து "இனி கவலையில்லை" என்று எங்கள் ஊர் விவசாயிகள் சொல்லிக் கேட்டதில்லை. "கீழணையில எவ்வளவு வருது?" என்றுதான் அடுத்த கேள்வி கேட்பார்கள்.

இப்போது மச்சானுடைய குழாய்க்கு வருவோம். வீராணத்துத் தண்ணீரைச் சென்னைக்குக் கொண்டுபோகும் யோசனை 1960களின் கடைசியிலேயே எழுந்தது. ராட்சதக் குழாய்கள் வந்து இறங்கின, வேலை பாதியில் நின்றது. அந்தக் குழாய்கள் பல வருடம் ரோட்டோரம் கிடந்தன. வீடில்லாதவர்கள் அவற்றுக்குள் குடியிருந்தார்கள். கடைசியில் புதிய வீராணம் திட்டம் என்ற பெயரில் 2004-இல்தான் காரியம் கைகூடியது. ஒருநாளைக்கு 18 கோடி லிட்டர் கொண்டுபோகும் திட்டம். விநாடிக் கணக்கில் சொன்னால் சுமார் 73 கன அடி.

அது போகும் வழி மிகவும் ரசமானது. ஏரியில் எடுக்கும் தண்ணீரைச் சேத்தியாத்தோப்பிலிருந்து 20 கிலோமீட்டர் தூரத்தில் வடக்குத்துக்குப் பம்பு வைத்து ஏற்றுகிறார்கள். வடக்குத்து நெய்வேலிப் பக்கத்து மேட்டுநிலம். அங்கே சுத்திகரிக்கிறார்கள். அங்கிருந்து இன்னொரு 8 கிலோமீட்டர் பம்பு செய்து, பண்ருட்டிப் பக்கம் காடாம்புலியூரில் ஒரு தொட்டிக்கு ஏற்றுகிறார்கள். அதோடு பம்புக்கு வேலை முடிந்தது. காடாம்புலியூரிலிருந்து சென்னை போரூர் வரை 200 கிலோமீட்டரும் தண்ணீர் தானாகவே இறங்கிப் போகிறது. நம் வீட்டு மாடித் தொட்டி மாதிரிதான்: ஒருமுறை மேலே ஏற்றிவிட்டால் போதும், அப்புறம் கீழே எந்தக் குழாயைத் திறந்தாலும் வரும். பம்பு செய்த தண்ணீரில் பம்பின் அழுத்தம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அதை நேரடியாக 200 கிலோமீட்டர் குழாயில் விட்டால் எங்கேயாவது ஓர் இணைப்பு பிளந்துகொள்ளும். தொட்டியில் ஒருமுறை கொட்டிவிட்டால் அழுத்தம் அடங்கிவிடும். அதற்குப்பின் தொட்டியின் உயரம்தான் கணக்கு. சோழர்கள் நிலத்தில் தேடிய அதே படிக்கட்டை, இங்கே பம்பு வைத்துச் செயற்கையாக ஒரு படி உயர்த்திக்கொண்டார்கள்.

அந்தப் பாதையின் பெரிய குழாய்க்கு விட்டம் 1,875 மில்லிமீட்டர். ஆறடி ஆள் உள்ளே நிமிர்ந்து நடக்கலாம். இவ்வளவு பெரிய குழாயில் 18 கோடி லிட்டர் ஒரு நாளில் போவதென்றால், தண்ணீர் விநாடிக்கு முக்கால் மீட்டர்தான் நகரும். நாம் கடைக்கு நடக்கும் வேகத்தைவிடக் குறைவு. குழாய் சிறுத்து 1,500 மில்லிமீட்டர் ஆகும் இடங்களில் கொஞ்சம் வேகம் பிடிக்கும்.

சென்னை எடுப்பது அதிகமா குறைவா என்று ஊரில் வாக்குவாதம் வரும். இரண்டு பக்கமும் கணக்கில் உண்மை இருக்கிறது. வயலுக்குத் திறக்கும்போது ஓடும் வேகத்தோடு ஒப்பிட்டால் 73 கன அடி சிறு வாய்க்கால்தான். ஆனால் வயலுக்கான மதகுகள் சாகுபடி முடிந்தால் மூடிவிடும், ஏரியில் தண்ணீர் இருக்கும்வரை குழாய் ஓடிக்கொண்டே இருக்கும். நாளொன்றுக்கு 6.4 மில்லியன் கன அடி வீதம் வருடம் முழுக்க எடுத்தால் ஒன்றரை வீராணத்துக்கும் மேல் ஆகிறது. வறண்ட வருடத்தில் குழாய்க்கா வயலுக்கா என்ற கேள்வி கட்டாயம் வரும். என்னைக் கேட்டால், கடைமடை விவசாயியின் தவிப்பையும் குடத்தோடு லாரிக்குக் காத்து நிற்கும் சென்னைப் பெண்ணின் தவிப்பையும் தராசில் வைக்க எனக்கு மனம் வராது. இரண்டு பேருக்குமே பதில் கீழணைக்கு வரும் தண்ணீரில்தான் இருக்கிறது.

இதில் வெயில் தன் பங்கை யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளும். கோடையில் ஒரு நாளில் 5 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வையுங்கள். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 50 லட்சம் லிட்டர். 20 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு 10 கோடி லிட்டர். சென்னைக்குப் போவதில் பாதிக்கு மேல் வானத்துக்குப் போகிறது! ஆழமான அணையில் இதே கொள்ளளவு குறுகிய பரப்பில் நிற்கும், இழப்பும் குறையும். அகன்று பரந்த ஏரிக்கு இது பிறவிக் குணம், மாற்ற முடியாது.

வண்டல் விஷயம் அப்படியில்லை. ஓடைகள் கொண்டுவரும் மண் வருடா வருடம் ஏரியின் தரையில் படிந்து கொள்ளளவைக் குறைக்கிறது. புதிய வீராணம் திட்டத்தின்போது கரையைப் பலப்படுத்தி ஏரியின் முழு மட்டத்தையே உயர்த்தினார்கள். தூர் வாருவதற்குப் பதில் மட்டத்தை ஏற்றுவதா என்று சிலர் கேட்பார்கள். மேல்மட்டத்து ஓர் அடிக்கு எவ்வளவு பலம் என்று பார்த்தால் காரணம் தெரியும். நிறைந்த ஏரியில் மேலே உள்ள ஓர் அடித் தண்ணீர் மட்டும் 200 மில்லியன் கன அடிக்கு மேல். சென்னைக்கு ஒரு மாதத் தண்ணீர். அடியில் பள்ளங்களில் தேங்கி நிற்கும் ஓர் அடியில் அதில் சிறு பங்குகூட இருக்காது. 47.5-லிருந்து 46.5-க்கு இறங்குவதும், 41-லிருந்து 40-க்கு இறங்குவதும் செய்தியில் ஒரே மாதிரி "ஓர் அடி குறைந்தது" என்றுதான் வரும். இரண்டும் ஒன்றல்ல. ஆனால் மட்டத்தை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றிக்கொண்டே போக முடியாது. கரைக்கும் வடவாற்றின் மட்டத்துக்கும் ஓர் எல்லை இருக்கிறது. அதற்குமேல் தூர் வாரித்தான் ஆக வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பும் நிலையில் இருக்கும்போது மதகைத் திறந்து தண்ணீரை வெளியேற்றுவதைப் பார்த்தால் புதிதாய்ப் பார்ப்பவர்களுக்கு வயிறு எரியும். "கடலுக்கு வீணாப் போகுதே" என்பார்கள். மழைக்காலத்தில் ஏரியை வேண்டுமென்றே ஒன்றிரண்டு அடி குறைத்துத்தான் வைப்பார்கள். அரியலூர்ப் பக்கம் ஒரு ராத்திரி கொட்டித் தீர்த்தால் செங்கால் ஓடை மறுநாளே பொங்கி வரும். அதை வாங்கிக்கொள்ள ஏரியில் இடம் வேண்டும். இடமில்லையென்றால் வருவதை அப்படியே வெளியேற்ற வேண்டும். வெள்ளியங்கால் ஓடையோரம் இருக்கும் ஊர்களுக்குள் தண்ணீர் நுழையும். அந்த ஒன்றிரண்டு அடி காலியிடம் அவர்களுடைய வீட்டு வாசலுக்கான காவல்.

இவ்வளவையும் மச்சானுக்கு ஒரே போனில் சொல்லிவிடவில்லை. ஆழக் கணக்கையும் குழாயில் தண்ணீர் நகரும் வேகத்தையும் மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. மனசுக்குள் கணக்குப் போட்டிருக்கிறான்.

"அப்படின்னா இன்னிக்கு வியாழக்கிழமை நான் குளிச்சது, திங்கட்கிழமை நம்ம ஏரியில கிடந்த தண்ணியா மாப்ள?"

"கிட்டத்தட்ட அப்படித்தான்" என்றேன்.